மீட்டருக்கு முன்னால் ஒரு வயர்

"தலையை நிமிர்த்துங்கம்மா. போட்டோவுல முகம் தெரியணும்" என்றான் சுதாகர்.

அழகம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் தலைக்கு மேலே, மீட்டருக்கு வரும் வயரில் இன்னொரு கறுப்பு வயர் சேர்த்துச் சுற்றப்பட்டிருந்தது. அது மீட்டரைத் தொடாமல், தகரக் கூரையின் ஓரமாகவே போய்ப் பாக்குத் தோப்புக்குள் இறங்கியது.

மீட்டருக்கு முன்னாலேயே கரண்ட் எடுத்தால் திருட்டு. இதில் பேச ஒன்றுமில்லை.

சுதாகர் ஸ்மார்ட் மீட்டர் மாட்டும் ஒப்பந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர். வண்டூரிலிருந்து டிங்கிப் படகில் கழியைக் கடந்து, முழங்கால் சேற்றில் நடந்து வந்திருந்தான். சிக்னல் கிடைக்காததால் கடைசிவரை விட்டுவைத்த பதினோரு வீடுகள் இவை. மேட்டில் சிக்னல் பெட்டி வைத்த பிறகுதான் இங்கே மீட்டர் மாட்ட முடிந்தது. காலையிலிருந்து ஏழு வீடு முடிந்துவிட்டது. இது எட்டாவது.

"அந்த வயரை நாங்க போடலை சார்" என்றாள் அழகம்மா. "அன்னைக்கு ரெண்டு பேரு வந்து ஏதோ பண்ணிட்டிருந்தாங்க. நான் பாக்குக் காயப்போட்டுட்டு இருந்தேன், என்னன்னு கேக்கலை."

"எல்லா வீட்லயும் இதே கதைதான். ரெண்டு பேரு வருவாங்க. யாருன்னு தெரியாது. போயிருவாங்க."

பக்கத்து வீட்டு பெங்காலிப் பெண் வேலிக்கு வந்தாள். "க்யா ஹுவா, தீதி?" என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டாள்.

அழகம்மா வாய் திறக்குமுன் சுதாகர் சத்தமாகவே சொன்னான். "பிஜிலி சோரி. கரண்ட் திருட்டு."

யாரும் கூப்பிடாமலே இன்னும் ஐந்தாறு பேர் வேலியோரம் வந்து நின்றார்கள். அழகம்மா யாரையும் பார்க்கவில்லை. காலடியில் கிடந்த பாக்கு மட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து மகள் ரூபா வேகமாக வந்தாள். "சார், எனக்கு கான்ஸ்டபிள் வேலை வந்திருக்கு. வெரிஃபிகேஷன் நடந்துட்டிருக்கு. இப்ப அம்மா மேல கேஸுன்னா என் வேலை போயிரும். வயரைக் கழட்டிருங்க சார், கேஸ் மட்டும் வேணாம்."

"போலீஸ் ஆகப்போற பொண்ணு வீட்லயே சோரியா? நல்லா இருக்கே!"

வேலியோரத்தில் யாரோ சிரித்தார்கள். ரூபாவின் முகம் சிவந்தது. அழகம்மா மகளைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

லைன்மேன் பன்னீர்செல்வம் ஏணியில் ஏறி வயரைப் பார்த்தார். "சுத்து சுத்தமா இருக்கு சார். வேலை தெரிஞ்சவன் சுத்தினது."

"தோப்புக்கு மோட்டார் மாட்டினவன் சுத்தியிருப்பான். இறங்குங்க அண்ணே. கேஸுக்கு மூணு போட்டோ வேணும். வயர் எடுத்தாச்சு, ஆள் எடுத்தாச்சு. கரண்ட் போற இடம்தான் பாக்கி." அழகம்மாவைப் பார்த்தான். "வாங்கம்மா, மோட்டாரைக் காட்டுங்க."

"எங்ககிட்ட மோட்டாரே இல்ல சார்."

"நடங்க. வயர் சொல்லும்."

அழகம்மா முன்னால் நடந்தாள். பின்னால் சுதாகர், ரூபா, பன்னீர்செல்வம், அதற்கும் பின்னால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். வயர் மரத்துக்கு மரம் கட்டப்பட்டிருந்தது. வாய்க்காலைத் தாண்டியது. மோட்டார் எங்கும் இல்லை. கடைசியில் ஒரு முள்வேலி வந்தது. அழகம்மாவின் நிலம் அதோடு முடிந்தது. வயர் முடியவில்லை.

அது மேட்டில் ஏறியது.

சுதாகரின் நடை தளர்ந்தது. ஜங்லிகாட் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் நினைவுக்கு வந்தது. "கம்பம் ரொம்பத் தூரம் சார், அவ்வளவு வயர் இல்ல" என்று போனில் அவனுடைய ஆள் ஒருவன் சொன்னான். "எங்கிருந்தாவது கரண்ட் எடுத்துக் குடுடா, நாளைக்கு நான் ரிப்போர்ட் அனுப்பணும்" என்று சொல்லிவிட்டு இவன் வடையைக் கடித்தான். எங்கிருந்து எடுத்தான் என்று பிறகு கேட்கவே இல்லை.

மேட்டின் உச்சியில் இரும்புக் குழாயில் சாம்பல் நிற சிக்னல் பெட்டி இருந்தது. பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கறுப்பு வயர் நேராக அதன் அடிவயிற்றுக்குள் போனது.

பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை ரூபா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். "பொறுப்பாளர், சுதாகர்." கீழே இருந்த போன் நம்பரையும் ஒன்றுவிடாமல் படித்தாள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பன்னீர்செல்வம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெங்காலிப் பெண் பெட்டியைப் பார்த்தாள், பிறகு சுதாகரைப் பார்த்தாள். "சோரி?" என்றாள் மெதுவாக.

"அம்மா..." என்றான் சுதாகர். சேறு காய்ந்த தன் கால்களைக் குனிந்து பார்த்தபடி நின்றான்.

அழகம்மா மகளிடம், "போனை எடு ரூபா" என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"தலையை நிமிர்த்துங்க சார். போட்டோவுல முகம் தெரியணும்."