கௌசல்யா பேருக்கு வந்த பார்சல்

கூரியரில் கௌசல்யா பேருக்கு வந்த பார்சலை மாமியார் செங்கமலம் பிரித்துவிட்டாள். உள்ளே மாத்திரை அட்டை. எழுத்தெல்லாம் இங்கிலீஷ்.

கடைத்தெரு மெடிக்கலில் கொண்டுபோய்க் காட்டினாள்.

"கருத்தடை மாத்திரைங்க" என்றார் கடைக்காரர், குரலைத் தாழ்த்தி. தாழ்த்தியும், பக்கத்தில் நின்ற மூன்று பேருக்குக் கேட்டுவிட்டது.

மகன் சரவணக்குமார் சிங்கப்பூர் போய் பதினோரு மாசம் ஆகிறது. செங்கமலம் வீடு வந்து சேருமுன் கறம்பக்குடியில் பாதிப் பேர் அந்தக் கணக்கைப் போட்டு முடித்திருந்தார்கள்.

"யாருக்குடி இது?"

"எனக்குத்தான், அத்தை." மாசாமாசம் ரத்தப்போக்கு நிற்காமல் இருப்பதாகவும், அதை நிறுத்தவும் இதே மாத்திரைதான் தருவார்கள் என்றும், போனிலேயே ஒரு லேடி டாக்டரிடம் பேசி எழுதி வாங்கியதாகவும் கௌசல்யா சொன்னாள்.

"ஏன், இங்க இருக்குற டாக்டருங்க எல்லாம் கடையை மூடிட்டாங்களா? நோவுன்னா நேர்ல போய்க் காட்டுவாங்க. ஒளிச்சு வாங்குறது நோவுக்காடி?"

கௌசல்யா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செங்கமலம் மகனுக்குப் போன் போட்டு அழுதாள். அவளை அவ அப்பா வீட்டுக்கு அனுப்பிருங்க என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டான் அவன். தையில் தங்கை புவனேஸ்வரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போனால் என்னாவது என்பது அவன் கவலை.

அப்பா ஊரான மணமேல்குடிக்குக் கிளம்பிய கௌசல்யா பையோடு வாசலுக்கு வந்தபோது, புவனேஸ்வரி குறுக்கே வந்து நின்றாள்.

"அம்மா, மாத்திரை எனக்கு. ரத்தம் கொட்டி காலேஜ்ல ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டேன். உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனா விஷயம் பரவி கல்யாணம் நின்னுரும்னு பயந்தேன். அண்ணி பேரைச் சொல்லி டாக்டர்கிட்ட பேசுனது நாந்தான்."

செங்கமலம் முதலில் வாசல் கதவைச் சாத்தினாள். அப்புறம் மாத்திரை அட்டையை மகள் கையில் வைத்தாள்.

கௌசல்யா பையைக் கீழே இறக்கினாள்.

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பையை எடுத்து, மருமகளின் தோளிலேயே மாட்டிவிட்டாள்.

"கல்யாணம் முடியுற மட்டும் அங்கிட்டே இரு, தாயி. இப்ப ஒன்னைய வீட்டுல வச்சுக்கிட்டா, அப்ப மாத்திரை யாருக்குன்னு ஊரு கேக்கும்."

"அவருகிட்டயாவது உண்மையச் சொல்லிருவீங்களா, அத்தை?"

"அதுவும் கல்யாணம் முடியட்டும். அவன் ஒம்மேல கோவமா இருந்தாத்தான் ஊரு நம்பும்."