சிரிக்கும் ஷாட்

பிணமாக நடித்தவரை எழுப்பி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கவைத்து ஒரு ஷாட் எடுப்பது சினிமாக்காரர்களின் வழக்கம். இல்லையென்றால் நடித்தது பலித்துவிடும் என்பார்கள். அந்தச் சின்னப் பேய்ப்படத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டதால் இயக்குநர் சபாபதி அதை எடுக்கவில்லை. “பரவாயில்ல சார், முருகன் பாத்துக்குவான்” என்று பாடையிலிருந்து இறங்கிப் போன துணை நடிகை தமயந்தி, மறுவாரமே காய்ச்சலில் நினைவிழந்தாள்.

எடிட்டிங் அறையில், பேயைத் தூக்கிய நைலான் கயிறு தெரிந்ததற்கு எடிட்டர் லாரன்ஸும் சபாபதியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்துத் திரையில் பாடைக் காட்சி வந்தது. தமயந்தி கண் திறந்து, அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

“இதை எப்ப சார் எடுத்தீங்க? பிணம் சிரிச்சா தியேட்டரே சிரிக்கும். வெட்டிடுறேன்” என்றார் லாரன்ஸ்.

சபாபதி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “சிரிச்சுட்டுப் போகட்டும்யா. அந்தம்மா இன்னும் ஐசியூலதான் இருக்கு.”