ஒத்திகை எண்ணெய்

பகல் பன்னிரண்டரை மணி. பிரதேச செயலகத்தில் மின்விசிறி சுழல்கிறது, காற்றுத்தான் வரவில்லை. அனர்த்த நிவாரண உத்தியோகத்தர் நுஸ்றத், அனர்த்த ஆயத்த மானியத்தை எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்ற சுற்றறிக்கையை மூன்றாவது தடவையாக வாசிக்கிறாள். எதிரே, மருதமுனைக் கடற்கரைக் குழுத் தலைவர் இஸ்மாலெவ்வை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தபடி இருக்கிறார். போன மார்கழி வெள்ளத்தில் ஒரு கர்ப்பிணியை எஞ்சின் தோணியில் ஏற்றி, பாதி வழியில் எண்ணெய் முடிந்ததால், இடுப்பளவு தண்ணீரில் ஆஸ்பத்திரி வரை தோணியைத் தள்ளிக்கொண்டு போனவர் அவர்.

"உயிர்காப்பு அங்கி வாங்கலாம், காக்கா. அறிவிப்புப் பலகை போடலாம். மீட்பு வேலைக்கு எண்ணெய் வாங்க இந்தக் காசில ஏலா."

"போன வருசம் தந்த அங்கியே உறை பிரிக்காமக் கிடக்கு, மிஸ். அங்கியப் போட்டாத் தோணி ஓடுமா?"

அவர் குரலில் கோபமில்லை, களைப்புத்தான். யன்னலுக்கு வெளியே கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. நுஸ்றத் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறாள். அவளுடைய விரல் ஒரு வரியில் நிற்கிறது. பயிற்சி ஒத்திகைக்கான எரிபொருளுக்கு அனுமதி உண்டு.

"ஒத்திகைக்கு எண்ணெய் எடுக்கலாம், காக்கா. இப்பவே எடுத்து வைங்க."

"ஒத்திகை எப்ப, மிஸ்?"

அவள் படிவத்தை அவர் பக்கம் நகர்த்துகிறாள். "ரோட்டில தண்ணி ஏறுற அன்டைக்கு."