இளவரசன் விழுந்த காலை

இளவரசன் இன்னும் வரவில்லை.

ராணி விரலில் இருந்த மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். குளிருக்காகத் தரைக்கடியில் எரியும் நெருப்பு இன்று அதிகம். சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். அங்கேயும் சுட்டது.

பக்கத்தில் மாமியார், மன்னரின் தாய், பைன் கொட்டைக் கஞ்சியை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார். கதவுகளை அகலத் திறந்துவைக்கச் சொன்னது அவர்தான். முற்றத்தில் நடப்பது கண்ணில் படவேண்டுமாம்.

ராணிக்குக் குழந்தை இல்லை. மருந்துகளும் மலைக்கோயில் வேண்டுதல்களும் ஓய்ந்தபின், மன்னரின் ஆசைநாயகி மேங் பெற்ற ஹுன், ராணியின் மகன் என்று வம்சாவளியில் எழுதப்பட்டான். அன்றிலிருந்து ராணிதான் அவனுக்கு அம்மா. பெற்றவள் வெறும் மேங். அவள் அவனை இளவரசே என்பாள். படிக்குக் கீழேதான் நிற்பாள்.

நான்கு வயது வாய்க்கு இது பிடிபடவில்லை. போன வாரம் வேட்டை நாய் குரைத்ததில் பயந்து, அம்மா என்று கத்திக்கொண்டு மேங்கின் பாவாடைக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

பையனுக்குக் கால் வளர்ந்த அளவு புத்தி வளரவில்லை என்றார் மாமியார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, நீயும் மடியைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், அவன் வேறு எங்கே போவான் என்றார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் மேங் அரண்மனையை விட்டு வெளியேற வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அப்புறம் பிள்ளையைப் பார்க்கவே முடியாது.

இன்னொரு தடவை. ராணி அதற்குத்தான் காத்திருந்தாள். மேங் போய்விட்டால் பையனுக்கு ஓடி ஒளிய வேறு ஆள் இல்லை.

முற்றத்தில் பனியைப் பெருக்கி ஒதுக்கியிருந்தார்கள். காலை வணக்கம் சொல்ல, செவிலியின் கையை உதறிவிட்டு ஹுன் தனியாகக் கல்படி ஏறினான். கீழே தலைகுனிந்து மேங் நின்றாள்.

பாதிப் படியில் விழுந்தான்.

அம்மா என்று அலறினான்.

அவளிடம் ஓடு, ஓடு என்று ராணியின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

எழுந்தவன் கீழே பார்த்தான். மேலே பார்த்தான். பிறகு விறுவிறுவென்று மேலே ஏறி, வாசலைத் தாண்டி, கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, ராணியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

இவ்வளவு கனமாக இருப்பான் என்று அவள் நினைத்ததில்லை. கைகள் தாமாகவே அவனைச் சுற்றிக்கொண்டன.

அவன் அவள் காதருகே வாயைக் கொண்டுவந்தான். கண்களில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"மேங் சொல்லிக்குடுத்த மாதிரியே நல்லா விழுந்தேனா?"

ராணி திறந்த கதவு வழியே பார்த்தாள். மேங் இன்னும் தலை நிமிரவில்லை.

உடையில் சிந்திய கஞ்சியைத் துடைத்தபடி, பையன் என்ன முணுமுணுக்கிறான் என்று மாமியார் கேட்டார்.

உள்ளதைச் சொன்னால் மேங் இன்றே போய்விடுவாள்.

சிராய்ப்புகூட இல்லாத அவன் முழங்காலை ராணி உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குதாம், அத்தை."