பென்சிலுக்குத் தடை இல்லை

மாசானம் அண்ணாச்சி இப்போதெல்லாம் கழுதையை மறைவில் வைத்து அடிப்பதில்லை. எந்த ஃபோனும் அதைப் படம் பிடிக்காது என்று செங்கல் சூளையில் எல்லோருக்கும் தெரியும். விலங்கு வதைபடுவதைக் கண்டால் ஃபோன் கேமரா தானே அணைந்துவிட வேண்டும் என்பது சட்டம். வதைப் படங்களை விற்றுப் பிழைத்த கும்பல்களை ஒழிக்க வந்த நல்ல சட்டம்தான். ஆனால் கால்நடை மருத்துவர் பியூலா கொடுத்த மூன்று புகார்களும் ஆதாரம் இல்லையென்று திரும்பி வந்தன.

அன்றும் செங்கல் சுமந்த கழுதை முன்னங்கால் மடங்கி விழுந்தது. மாசானம் கம்பால் ஒரு போடு போட்டார். பியூலா நீட்டிய ஃபோனின் திரை கறுத்தது.

"என்ன டாக்டரம்மா, இன்னைக்கும் ஃபோனு கண்ண மூடிட்டுதா?" என்று சிரித்தார் மாசானம்.

பியூலா ஃபோனைப் பைக்குள் போட்டாள். சாவகாசமாகச் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து, நோட்டையும் பென்சிலையும் எடுத்தாள். கல்லூரியில் ஐந்து வருஷம் எலும்பும் தசையும் வரைந்த கை அது. தாளில் முதலில் கழுதையின் முதுகுப் புண் வந்தது, பிறகு விலா எலும்புகள், பிறகு மாசானத்தின் மீசை.

கல் அடுக்கும் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "அச்சு அசல் அண்ணாச்சியேதான்!" என்றாள் ஒருத்தி.

"இதெல்லாம் கோர்ட்டுல செல்லாது" என்றார் மாசானம்.

"செல்லும் அண்ணாச்சி. கண்ணால பாத்தத வரையக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் சொல்லல. பாத்தவங்க கையெழுத்தும் கீழ இருக்கும்."

"எங்க போடணும் டாக்டரம்மா?" என்று அந்தப் பெண் கையை நீட்டினாள்.

மாசானம் வீம்புக்கு மறுபடி கம்பை ஓங்கினார். பியூலா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படியே நில்லுங்க அண்ணாச்சி. கம்பு மட்டும்தான் பாக்கி."

அவள் பென்சிலைத் தாளில் வைப்பதற்குள் கம்பு தரையில் கிடந்தது.