எறும்புக்காரர் காப்பி ஆற்றுகிறார்

கணிதத் துறை வராந்தாவில் ரம்யாஸ்ரீயால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இன்னும் சற்று நேரத்தில் வாய்மொழித் தேர்வு. தேறினால் டாக்டர் பட்டம். மூளை நரம்போ, மின்கம்பியோ, எறும்புப் புற்றோ, எதில் எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் ஒன்றிலிருந்து மற்றதை நாலைந்து தாவலில் எட்டிவிடலாம் என்பதுதான் அவள் ஆய்வு. அதைச் சோதிக்கப் புனேயிலிருந்து வந்திருக்கும் எறும்பு நிபுணர் ராமமூர்த்தி, தேர்வு அறைக்குள் ஜன்னலோரம் காப்பி ஆற்றுகிறார். டபராவில் பட்ட மதுரை வெயில் அவர் மூக்குக்கண்ணாடியில் துள்ளுகிறது. இவளோ துப்பட்டா நுனியை முறுக்கி முறுக்கி, போனில் அம்மா சூடாமணியிடம் பொரிகிறாள். தமிழில் பேசினால் அவருக்குப் புரிந்துவிடுமாம். அதனால் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில், அதுவும் தெருக்கோடிக்குக் கேட்கும் குரலில். கெட்டிக்காரிதான்! "கணக்கே தெரியாத பூச்சிக்காரரப் போட்டிருக்காங்கம்மா. எறும்பு மாதிரியே உறிஞ்சுறாரு. அவரு எந்த ஊரு, யாரு வீடுன்னு நீ கேக்குறதெல்லாம் எனக்கெதுக்கு?" டம்ளர் ஜன்னல் கட்டையில் ணங்கென்று உட்காருகிறது. ராமமூர்த்தி வாயைத் துடைத்துக்கொண்டு, அட்சரம் பிசகாத சௌராஷ்டிரத்தில் சொல்கிறார்: "பூச்சிக்காரன் உறிஞ்சி முடிச்சாச்சு. உள்ள வாம்மா, ஆரம்பிக்கலாம்." துப்பட்டா கையிலிருந்து நழுவுகிறது. போனுக்குள் சூடாமணி மட்டும் துள்ளுகிறாள்: "யாருடி அது, நம்ம ஆளா? எந்தத் தெருன்னு கேளு!"