கருப்பனுக்கு ஊசி

டாக்டர் சுகந்தியின் முப்பது வருட அனுபவத்தைப் போன மாதம் கருப்பன் என்ற பூனை கடித்து வைத்தது. ரோஷம் தாங்காமல், பூனைகளை மிரட்டாமல் கையாளும் புதிய முறையைக் கற்றுக்கொள்ள, தன் மகள் வயது டாக்டர்களோடு கிண்டியில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தாள். இதிலும் தோற்றால் பூனை வைத்தியத்தையே விட்டுவிடுவதாக முடிவு.

இன்று கருப்பனை வளர்க்கும் ஊரூர் குப்பத்து மீன்காரி டயானா மறுபடி பூனைக்கூடையோடு வந்தாள். சுகந்தி வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கண்ணைப் பார்க்காமல் ஒரு நெத்திலியை நீட்டினாள். கரிய பூனை மடியேறிப் படுத்தது. ஊசி போட்டதுகூட அதற்குத் தெரியவில்லை.

"இன்னா டாக்டரம்மா, மந்திரம் எதுனா போட்டியா?"

"மந்திரமெல்லாம் இல்ல டயானா. எல்லாம் புதுப் படிப்பு. தப்பு பூனை மேல இல்ல, எங்க மேலதான்னு இப்பதான் புரிஞ்சுது. போன மாசம் கடிச்ச அதே கருப்பன், இப்ப எப்படிப் படுத்திருக்கான் பாரு!"

"ஐயே, இது கருப்பன் இல்லம்மா! அது கூடையப் பாத்ததும் படகுக்கு அடியில பூந்துக்கிச்சு. ஆட்டோ வந்து நின்னுக்கினு கீது, சும்மா அனுப்புவானேன்னு அதும் தம்பியத் தூக்கியாந்தேன். இது ரோட்டுல போறவன் மடியிலகூட ஏறிப் படுத்துக்கும்."